எலி என்று சொல்லாமல் விட்டது

கல்முனையில் ஒரு கலியாண வீட்டில், ஆறு பேருக்கு ஒரே பெரிய தட்டில் வைத்த சஹன் சோற்றைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். பல்கலைக்கழகத்தில் என்ன ஆராய்ச்சி செய்கிறேன் என்று வாப்பாவின் தம்பியான சாச்சா கேட்டார். கேட்க ஆள் கிடைத்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. புற்றுநோய்க் கட்டிக்குள் ஊசியால் ஒரு திரவத்தை ஏற்றுவோம், அது உள்ளே ஜெலி போல உறையும், வெளியிலிருந்து ஒளியைப் பாய்ச்சினால் ஜெலி சூடாகிக் கட்டியைக் கொன்றுவிடும் என்று அளந்தேன்.

"அப்ப வெட்டத் தேவயில்லயா மகன்?" சாச்சா எடுத்த சோறு கையிலேயே இருந்தது.

"ஓம் சாச்சா, தேவயில்ல."

இதுவரை எலிகளுக்குத்தான் செய்து பார்த்திருக்கிறோம் என்பதை விட்டுவிட்டேன். சாப்பிடும் இடத்தில் எலியைப் பற்றிக் கதைப்பதா என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். உண்மையில், எலி என்றால் என் மதிப்புக் குறைந்துவிடும்.

மூன்று மாதம் கழித்து ஊருக்கு வந்தபோதுதான், சாச்சாவின் மனைவி சாச்சிக்கு மார்பில் கட்டி என்று உம்மா சொன்னார். ஒப்பரேஷனுக்குக் கொடுத்த திகதிக்கு அவர் போகவில்லையாம். அவர்கள் வீட்டுக்கு ஓடினேன்.

"உங்கட ஊசி வரட்டும் எண்டுதான் மகன் இரிக்கம்" என்றார் சாச்சி.

எல்லாவற்றையும் சொன்னேன். நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகும்படி கெஞ்சினேன். சாச்சா தலையைக் குனிந்துகொண்டார். சாச்சி திட்டவில்லை. இதைத்தான் கேட்டார்:

"அந்த எலிகளுக்காவது சுகமாகிச்சா மகன்?"