ஆனந்தமேரி ஊற்றிய தண்ணீர்

சவேரியார் திருநாளில் யார் அழுதாலும் அழாவிட்டாலும் கோயில் நாட்டாண்மை சூசைமாணிக்கம் அழுதுவிடுவார். புனிதரின் சரித்திரத்தை வாசிப்பது அவர் குடும்பத்து உரிமை. 'ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்தே கை தூக்க முடியாமல் போயிற்று' என்ற வரி வந்ததும் துண்டு கண்ணுக்குப் போகும்.

"ஆரம்பிச்சிட்டாருக்கா," என்பாள் லூர்தம்மாள். அக்கா ஆனந்தமேரி அவள் தொடையில் கிள்ளுவாள். கடைசித் தூணுக்குப் பின்னால்தான் அவர்கள் ஜனத்துக்கு இடம்; வரப் போகப் பக்க வாசல்.

ஆனந்தமேரி திண்டுக்கல் பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயா. பங்குச் சாமியாரை அழைக்க நேரமில்லாமல் மூச்சடங்கும் கிறிஸ்தவப் பிள்ளைகளின் தலையில் தண்ணீர் ஊற்றி, பிதா சுதன் இஸ்பிரீத்து சாந்துவின் நாமத்தைச் சொல்வாள். ஆபத்துக்கு யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். இருபது வருடம் செய்தாள். அவள் கை வலித்ததா என்று எந்தச் சரித்திரமும் கேட்கவில்லை.

1957 ஐப்பசியில் நாட்டாண்மையின் பேரன் பிறந்த அரைமணியில் நீலம் பாரித்தான். அவள்தான் ஊற்றினாள்.

"என் பேரன் தலையில நீ கை வைக்கலாமா? சாமி வரட்டும், திரும்பக் குடுக்கச் சொல்றேன்!" என்று கத்தினார் நாட்டாண்மை.

சாமியார் வருவதற்குள் பிள்ளை போய்விட்டது. "செத்த பிள்ளைக்குக் கொடுக்க முடியாது. இவள் ஊற்றியதை வேண்டாமென்றால் ஞானஸ்நானம் இல்லாத பிள்ளை; கல்லறைத் தோட்டத்துக்கு வெளியேதான் குழி," என்றார் சாமியார்.

நாட்டாண்மை துண்டைத் தோளிலிருந்து இறக்கினார். "செல்லும் சாமி. அவ ஊத்துனது செல்லும்."

கல்லறைத் தோட்டத்துக்கு நடுவே, இரண்டு ஜனத்தையும் பிரித்து ஒரு சுவர் உண்டு. பேரனை நாட்டாண்மை ஜனத்தின் பக்கம் புதைத்தார்கள். ஆனந்தமேரிக்குப் பிள்ளை கிடையாது.

"ஐயா, நான் செத்தா இவன் பக்கத்துல போடுங்க. பச்சப்பிள்ள, தனியாக் கிடக்கான்," என்றாள்.

"ஆகட்டும், ஆகட்டும்," என்றார், செலவில்லாத வார்த்தைதானே.

1964 புரட்டாசியில் அவள் இறந்தாள். லூர்தம்மாள் அந்த வார்த்தையைக் கேட்கப் போனாள். நாட்டாண்மை பல் குத்திக்கொண்டிருந்தார்.

"சுவரு எதுக்குக் கட்டியிருக்கு?"

"அக்கா ஊத்துன தண்ணி உங்க பக்கம் செல்லுச்சே ஐயா. அக்கா செல்ல மாட்டாளா?"

"தண்ணி வேற, ஆளு வேற. போ."

ஆனந்தமேரியைச் சுவருக்கு அந்தப்பக்கம், கற்றாழைப் புதருக்குள் புதைத்தார்கள்.

டிசம்பரில் திருநாள் வந்தது. அதே வரி, அதே துண்டு. லூர்தம்மாள் தூணுக்குப் பின்னாலிருந்து எழுந்து நடுவழிக்கு வந்தாள்.

"அப்படியே மூக்கையும் தொடச்சுக்கோங்க ஐயா. வடியுது," என்று சொல்லிவிட்டு, பெரிய வாசல் வழியாகவே வெளியே போனாள்.