எந்தச் சதுரம்

எங்கள் கூட்டத்தில் மூன்று பேர். கூடுவது மேற்குத் தாம்பரத்தில் ஒரு மாடி அறை. கம்ப்யூட்டரை முதன்முறை தொடுகிறவர்களுக்காக, தமிழ் மெனுவோடு, இலவசமாகக் கொடுக்க மென்பொருள்கள் எல்லாம் அடங்கிய ஒரு லினக்ஸ் சிடி தயாரித்துக்கொண்டிருந்தோம். புதியவர்கள் குழம்பக் கூடாது, அதனால் ஒரு வேலைக்கு ஒரு மென்பொருள்தான் என்பது எங்கள் சட்டம். எதை வைப்பது, எதைத் தூக்குவது என்று ஞாயிறுதோறும் அடிதடி. பாட்டுக் கேட்க எது என்று முடிவெடுக்கவே ஒரு மாசம் போயிற்று.

குரல் பதியும் மென்பொருளின் முறை வந்தது. "தூக்குடா. புதுசா வர்றவன் இன்னாத்த ரெக்கார்ட் பண்ணிக் கிழிக்கப்போறான்?" என்றான் ஒருவன். எனக்குச் சுர்ரென்று ஏறியது. காரணம் என் அக்கா.

அக்காவின் கணவர், என் மச்சான், ஷார்ஜா போனபோது அவள் மாசமாக இருந்தாள். மகளை அவர் போட்டோவில்தான் பார்த்திருந்தார். அனகாபுத்தூரில் எங்கள் வீட்டில் நாளெல்லாம் வாய் ஓயாத அந்த வாண்டு, வெள்ளிக்கிழமை அவர் போன் வந்ததும் ரிசீவரைப் பார்த்து உதட்டை இறுக்கிக்கொள்ளும். "அத்தா சொல்லும்மா, அத்தா" என்று அப்பாவைக் கூப்பிடச் சொல்லி அக்கா கெஞ்சுவாள். ஊஹூம். "பரவால்ல விடு, தூக்கம் வருது போல" என்பார் மச்சான்.

"எங்க அக்கா பண்ணுவாடா, புள்ள பேசறத! இது இல்லேன்னா சிடியும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்று கத்தினேன். நான் உயிரைவிட்டுத் தமிழாக்கிய சீட்டு விளையாட்டைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் இதை வைத்தோம்.

சிடியை முதலில் போட்டது எங்கள் வீட்டில்தான். மைக்கைக் குழந்தை கண்ணில் படாமல் பூச்சாடிக்குப் பின்னால் வைத்தேன். "சிவப்பு வட்டத்தை அமுக்குனா பதியும், சதுரத்தை அமுக்குனா நின்னுடும். அவ்ளோதான்க்கா" என்று சொல்லிவிட்டுப் பால் வாங்கப் போனேன்.

திரும்பினால் அக்கா வாசலிலேயே குதிக்கிறாள். "சொல்லிட்டாடா! அத்தா அத்தான்னு சொல்லிட்டா! சதுரத்தை அமுக்கி நிறுத்திட்டேன். திரை பூரா பெருசாத் தெரியுது பாரு."

தலையில் அடித்துக்கொண்டேன். அவள் அமுக்கியது மேல் மூலையில் அந்த மென்பொருளின் பெட்டியைத் திரை முழுக்கப் பெரிதாக்குகிற சதுரத்தை. அதுவும் சதுரம்தானே! பதிவு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தி, முழுசாகக் கேட்காமலேயே மெயிலில் அனுப்பிவிட்டேன்.

வெள்ளிக்கிழமைவரை பொறுக்காமல் மறுநாளே மச்சானின் போன். எடுத்தவன் நான். அவர் சொல்லித்தான் தெரிந்தது. குழந்தை பேசி முடித்த பிறகு, நிறுத்திவிட்டதாக நினைத்துக்கொண்டு அக்கா மகளிடம் சொன்னதும் அதில் விழுந்திருக்கிறது: "அத்தா வந்தா பயந்து அழுதுடாதடி, அவரு தாங்கமாட்டாரு. அவரு இல்லாம எனக்கும் ஒண்ணும் ஓடல. சொன்னா அங்க மனுசனுக்குச் சோறு இறங்காது, அதான் சொல்றதில்ல." போனில் எப்போதும் 'நல்லாருக்கேன்' தவிர வேறு பேசாதவள் அவள்.

சதுரக் கதையைச் சொல்லி, "அடுத்த சிடில சரி பண்ணிடறோம் மச்சான்" என்றேன்.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "சரி கிரி பண்ணித் தொலைக்காதடா. அடுத்த தடவையும் உங்க அக்காவ அந்தச் சதுரத்தையே அமுக்கச் சொல்லு."