ஆறு சக்கரம், நாலு எலுமிச்சம்பழம்

இன்று புது லாரி எடுத்தாயிற்று. ஹாலோ பிளாக் கல் ஏற்ற, ஆறு சக்கர வண்டி. வாழ்த்திய எல்லோருக்கும் நன்றி.

வாலாஜாபாத் பக்கத்து ஷோரூமில் அட்டையில் செய்த பெரிய சாவியைக் கையில் கொடுத்து, "கொஞ்சம் சிரிங்க சார்" என்றார்கள். சிரித்தேன். போட்டோவில் பல் தெரிகிறது.

பதினோரு வருடம் நானே ஓட்டிய நாலு சக்கர மினி லாரியை எக்ஸ்சேஞ்சில் அங்கேயே விட்டேன். அப்போதும் ஒன்றும் தோன்றவில்லை.

பூஜை முடிந்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கப் போன, இனி இதை ஓட்டப்போகும் டிரைவர் முனுசாமி தலையைச் சொறிந்தார்.

"அண்ணா, பழைய வண்டி நெனப்புல நாலு பழந்தான் வாங்கியாந்தேன். இதுல பின்னாடி ஜோடி ஜோடியா கீது."

என் மனைவிக்கு முகம் மாறிவிட்டது. "மொத நாளே கொறை வெக்கறதா? நல்ல நேரம் வேற முடியப் போவுது."

முனுசாமி குனிந்து பின்சக்கரங்களைப் பார்த்தார்.

"உள்ள கீற சக்கரம் யாருக்கு தெரியப் போவுது அண்ணி? வெளிய கீறதுக்குத்தான் கண்ணு படும். அதுக்கு வெச்சா போதும்."

அவளுக்கு அது நியாயமாகப் பட்டது. நாலு பழமும் நசுங்கின. எங்கள் ஊர் உத்திரமேரூர் வந்து சேர்ந்தோம்.

வந்ததிலிருந்து ஆளாளுக்கு போன் செய்து "சந்தோஷமா?" என்கிறார்கள். "சந்தோஷம்" என்கிறேன்.

பின்னால் ஏற்றும் பாரத்தில் பாதியைச் சுமப்பது அந்த உள்சக்கரம்தான். அதற்கும் ஒரு பழம் வைத்திருக்கலாமோ? லாரி வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.