பள்ளிவாசலுக்கு நடந்த காரணம்

சென்ற ஆண்டு சாய்ந்தமருதில் மாடொன்று குறுக்கிட, மோட்டார் சைக்கிளோடு விழுந்தேன். அல்லாஹ்வின் அருளால் கைமுறிவோடு தப்பினேன். கை குணமாகியது, மனம் குணமாகவில்லை. வாகனத்தில் ஏறவே அஞ்சினேன். பள்ளிவாசலுக்கு ஐவேளையும் நடந்தே போனேன்.

“ஹாஜியார் எடுத்து வைக்கிற ஒவ்வோர் எட்டுக்கும் நன்மை தேடுறார்” என்று ஜமாஅத்தார் மெச்சினார்கள். நான் மறுக்கவில்லை. அது தொழுகையிலும் என்னை உறுத்தியது.

அவ்வேளையில், நான் ஆண்டுதோறும் முனாஜாத்து என்னும் இறைவேண்டல் பாட்டுகளைப் பாடும், மருதமுனையில் கூடும் மஜ்லிஸுக்கு அழைப்பு வந்தது. நடக்கக்கூடிய தூரமல்ல. கால் வலிக்கிறதென்று மகளிடம் சொன்னேன்.

“அஞ்சு வக்துக்கும் நடக்கிற காலா வாப்பா வலிக்கிது?”

“பயமா இரிக்கி மகள்” என்றேன், முதன்முறையாக.

“இத முந்தியே சொல்லியிருக்கலாமே! என்ட ஸ்கூட்டியில ஏறுங்க, மெதுவாப் போறன். பயம் வந்தா பாடுங்க.”

கண்களை மூடிக்கொண்டு உரத்துப் பாடினேன். கல்முனைக் கடைத்தெருவே திரும்பிப் பார்த்ததாம்.

“வாப்பா, மஜ்லிஸுக்கும் ரெண்டு பாட்ட மிச்சம் வைங்க!”

கண் திறந்தபோது மருதமுனை வந்திருந்தது. இருவரும் சிரித்தோம்.

இப்போது எவரேனும் மெச்சினால், “அன்று பயத்தில் நடந்தேன்” என்று உண்மையைச் சொல்லிவிடுகிறேன். தூரப் பயணமென்றால் மகளின் பின்னால் பாடிக்கொண்டே போகிறேன். பள்ளிவாசலுக்கு இன்றும் நடக்கிறேன், இது நன்மைக்காகவே.