ஊருணிக் கரையில் காத்திருந்தவர்

இன்று காலை புதுவயல் பஸ்ஸில் ஆறுமுகத்தின் மனைவி வள்ளியைப் பார்த்தேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மதுவிலக்கை எடுத்த வருடம், தச்சு வேலை பார்த்த ஆறுமுகமும் அரிசி மில்லில் இருந்த நானும் ஒன்றாகத்தான் குடிக்கத் தொடங்கினோம். ஒன்றாகத்தான் நிறுத்தினோம். பதினோரு மாதமாகத் தினமும் சாயங்காலம் ஊருணிக் கரையில் சேர்ந்து உட்கார்ந்திருப்போம். ஒருவரை ஒருவர் விடாமல் பார்த்துக்கொள்வதுதான் எங்களுக்குத் தெரிந்த வைத்தியம்.

போன வாரம் மில்லில் வேலை அதிகம். நான் போகவில்லை. சொல்லியும் அனுப்பவில்லை.

"ஆறுமுகம் எப்படிம்மா இருக்காரு?" என்றேன்.

"குடிச்சிட்டுக் கெடக்காக. மூணு நாளு ஊருணியில ஒங்களுக்காகக் காத்திருந்தாகண்ணே. நீங்களும் மறுபடி குடிக்கப் போயிட்டீகன்னு நெனச்சிட்டாக. நாலாம் நாளு அவுகளும் போயிட்டாக."

"நான் குடிக்கலைம்மா."

"அதை எங்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது?"

அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போய்விட்டாள்.

சாயங்காலம் அவரிடமே போய்ச் சொல்ல வேண்டும். அவர் வீட்டுக்கு இருப்பது ஒரே வழி, அதில்தான் சாராயக் கடையும் இருக்கிறது. அதைத் தனியாகத் தாண்டிவிடுவேன் என்று எனக்கே நம்பிக்கை இல்லை. உங்களில் யாராவது கூட வருகிறீர்களா?