கையைப் பிடிக்காதே என்றார் அக்கா

எங்கள் அக்கா குமராட்சிப் பக்கத்துச் சிற்றூரில் ஐந்து பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். அப்பா காலமானபின், தம்பி தங்கைகளை ஆளாக்கிவிட்டுத்தான் தம் கல்யாணத்துக்கே சம்மதித்தார். கீரப்பாளையம் பக்கம் அங்கன்வாடி டீச்சராக இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றினார்.

அவருடைய மையத்தில் பிள்ளைகள் களிமண் உருட்டுவார்கள், புளியங்கொட்டை பொறுக்கிக் கொட்டாங்குச்சியில் போடுவார்கள், தரையெல்லாம் சாக்பீஸால் கிறுக்குவார்கள். எழுத்து எப்போது சொல்லித் தருவீர்கள் என்று கேட்கும் தாய்மார்களிடம், "மொதல்ல வெரலுக்குப் பலம் வரட்டும்மா, எழுத்து எங்க ஓடிப்போவுது?" என்பார்.

நானோ சிதம்பரத்தில், மகளை இங்கிலீஷ் பள்ளியில் சேர்க்கும் அவசரத்தில் இருந்தவன். சுனாமி வந்த மறு வருஷம் விஜயதசமியன்று தட்டில் அரிசி பரப்பி, மூன்று வயது மகளை மடியில் உட்கார வைத்தேன். அவள் தானாகவே ஒரு வட்டம் போட்டு, அதற்கு இரண்டு கால் இழுத்து, "அத்தை" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் அதை அழித்துவிட்டு, அவள் விரலை இறுக்கிப் பிடித்து 'அ' எழுத வைத்தேன். குழந்தை வீறிட்டது.

"கையைப் புடிக்காத தம்பி. அதுவே போடட்டும்" என்றார் அக்கா.

"ஊரான் புள்ளைங்களக் கிறுக்க வச்சது போதும்க்கா. எம்புள்ள படிக்கணும்" என்றேன், சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும். அக்கா சாப்பிடாமலே மினிபஸ் ஏறிவிட்டார்.

அதன்பிறகு மகள் பென்சிலைக் கண்டாலே கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். அக்காவைக் கேட்க எனக்கு ரோஷம். என் மனைவிதான் கோடை விடுமுறையில் அவளை அக்காவிடம் கொண்டுபோய் விட்டார். திரும்பி வந்தவள் சப்பாத்தி மாவில் யானை செய்தாள். பிறகு பென்சிலும் பிடித்தாள். அதற்கும் நான் ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை.

போன வருஷம் பக்கவாதத்தில் அக்காவின் வலது கை விழுந்தது. கடலூர் ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். மகள் தினமும் அந்தக் கையில் மாவு உருண்டையை வைத்து அமுக்கச் சொல்வாள். ஒருநாள் தட்டில் அரிசி பரப்பினாள். அக்காவின் விரல் நடுங்கியது. பார்க்கப் பொறுக்காமல் நான் கையைப் பிடித்து நகர்த்தப் போனேன்.

"புடிக்காதீங்கப்பா. அத்தையே போடட்டும்" என்றாள் மகள்.

அக்கா என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, கோணல்மாணலாக ஒரு வட்டம் போட்டார். அப்போதும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. பத்தே நாளில் போய்விட்டார்.

கடைசிவரை உடனிருந்த அக்காவின் கணவர், எங்கள் மாமாவுக்கும், வாரம் தவறாமல் வந்து பார்த்த மையத்துச் சமையலம்மாவுக்கும், இந்த முதலாண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் உங்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் நன்றிக்கடன்பட்டுள்ளது. அன்றைய விஜயதசமிக்கும் உங்களில் பலர் வந்திருந்தீர்கள். உங்கள் முன்னால்தான் அக்காவை அப்படிப் பேசினேன். உங்கள் முன்னாலேயே கேட்கிறேன்.

என்ன மன்னிச்சிடுக்கா.