ஈரம் காயாத முகத்தோடு ஒரு பஸ் பயணம்

இந்தப் பயணத்துக்குக் காரணம், ஒரு பத்திரிகையில் கறுப்பு வெள்ளையில் அச்சாகியிருந்த ஓர் ஓவியம், ஒரு பெண்ணின் முகம். வாய் ஒரு பக்கமாக இழுபட்டிருந்தது. கண்கள் அளவுக்கு மீறிப் பெரியவை. பார்த்தவுடன் பக்கத்தைப் புரட்டிவிட்டேன். ஆனால் அந்த வாரம் முழுவதும் அதையேதான் திரும்பத் திரும்பத் திறந்தேன். நிறத்தில் பார்த்தே ஆக வேண்டும் போலிருந்தது. நான் கல்லூரியில் கணிதம் நடத்தி ஓய்வு பெற்றவன். ஓவியம் பற்றி எழுத எனக்குத் தகுதி உண்டா என்ற சந்தேகம் இப்போதும் இருக்கிறது. வரைந்தவர் செசிலியா, ராயப்பன்பட்டியில் ஓவிய ஆசிரியை. அனுமதி கேட்டு நான் எழுதிய இரண்டு பக்கக் கடிதத்துக்கு, "வாங்க" என்று ஒரே சொல்லில் பதில் வந்தது. 1984 ஜனவரியில், ஒரு சனிக்கிழமை காலை ஆறு மணி பஸ்ஸில் மதுரையிலிருந்து கிளம்பினேன்.

தேனி வழியாக உத்தமபாளையம் நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். மூன்று மணி நேரம் ஆகிறது. போகும்போது இடது பக்க ஜன்னலைப் பிடியுங்கள். சின்னமனூரைத் தாண்டினால் மேகமலை கூடவே வரும். உத்தமபாளையத்தில் இறங்கி டவுன் பஸ் ஏறினால் ராயப்பன்பட்டி அரை மணிக்குள். எங்கே கேட்டாலும் டீச்சர் வீட்டைக் காட்டுகிறார்கள். "பயமுறுத்துற படம் போடுவாகளே, அவுகளா?" என்று ஒருவர் என்னிடமே உறுதி செய்துகொண்டார்.

முன் அறைச் சுவர் முழுக்க முகங்கள். திராட்சைத் தோட்டக்காரர் ஒருவரின் நெற்றி கரும்பச்சை, கன்னம் செங்கல் சிவப்பு. பத்திரிகையில் பார்த்த பெண் எரியும் மஞ்சளில் இருந்தாள். யாரும் இந்த நிறத்தில் இருப்பதில்லை. ஆனால் அழுகையை அடக்கும்போது உள்ளே இப்படித்தான் இருக்கும் என்று எனக்குப் பட்டது.  பயமாக இல்லை, சந்தோஷமாக இருந்தது.

"உங்களையும் போடவா சார்?" என்றார் டீச்சர்.

போட்டோவுக்குக்கூட ஓரமாக நிற்பவன் நான். ஆனாலும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"கண்ணாடியக் கழட்டிருங்க. அதுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டு இருக்கீக."

"கழட்டினா எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா."

"எனக்குத் தெரிஞ்சாப் போதும் சார்."

இரண்டு மணி நேரம் மங்கலில் உட்கார்ந்திருந்தேன். சாயம் பூசும் தட்டைக் கத்தி பலகையில் வழிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. கண்ணாடியைப் போட்டுப் பார்த்தால், நீலமும் ஊதாவுமாக ஒரு கிழவன், அடி விழப்போகிறது என்று காத்திருப்பவன் மாதிரி. அறுபத்தாறு வருடமாக நான் மறைத்துவைத்தது எல்லாம் அதில் இருந்தது. சிரிப்பு வந்தது. கண்ணும் கலங்கியது. "கொண்டுபோங்க, உங்களுக்குத்தான். மூடிராதீக, இன்னும் ஈரம் காயல, சாயம் துணியோட வந்துரும்" என்று கையில் கொடுத்துவிட்டார்.

சிக்கல் அங்கேதான் தொடங்கியது. மதுரை பஸ்ஸில் உட்கார இடமில்லை. திறந்த முகத்தை நெஞ்சருகே பிடித்துக்கொண்டு, கம்பியில் சாய்ந்து நின்றேன். கண்டக்டர் படத்தையும் கூட்டத்தையும் பார்த்தார்.

"ஐயா, இவருக்கு லக்கேஜ் டிக்கெட்டா, ஆள் டிக்கெட்டா? இந்த முழி முழிக்காரே!"

பஸ்ஸே சிரித்தது. "யாரு சார் அது?" என்றார் ஒருவர்.

"தெரிஞ்சவர்" என்றேன். சொன்னதும் கூசியது.

திராட்சைக் கூடையோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. படத்தையே உற்றுப் பார்த்தார்.

"ஆத்தாடி, என்னமாப் பயந்துபோயிருக்காக! வீட்ல தனியா விட்டுட்டா வந்தீக? கூட யாராச்சும் இருக்காகளா?"

சின்னமனூரில் பஸ் நின்றது. அப்போதுதான், "அது நான்தாம்மா" என்றேன். எல்லோருக்கும் கேட்டிருக்கும்.

அவர் என் முகத்தையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பக்கத்தில் வைத்திருந்த கூடையைத் தூக்கி மடியில் வைத்தார். "அப்ப நிக்காதீக, இங்கன உக்காருங்க. படத்தோட ஒரு ஓரத்த நான் பிடிச்சுக்கிறேன்." தேனி வரை பிடித்துக்கொண்டே வந்தார். அவர் கட்டைவிரலில் நீலம் ஒட்டியிருந்தது.

போக நினைப்பவர்களுக்கு: டீச்சர் சனி, ஞாயிறுகளில்தான் வீட்டில் இருப்பார்; முன்பே எழுதிக் கேளுங்கள். உங்களையும் வரைந்தால், அகலமான அட்டைப் பெட்டி ஒன்றைக் கையோடு கொண்டுபோவது நல்லது. பெட்டி இல்லையென்றால், படத்தில் இருப்பது யார் என்று கேட்பவர்களிடம் முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுங்கள். உட்கார இடம் சீக்கிரம் கிடைக்கும்.